லிட்டரில் தொடங்கட்டும் கார்பன் கணக்கு

ஒரு லாரி இந்த மாதம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டது என்று கேட்டால், சந்தையில் இருக்கும் பல மென்பொருள்கள் தரும் பதில் அந்த லாரியைப் பற்றியதாக இருப்பதில்லை. அதே வகை லாரிகளின் சராசரியை எடுத்து, ஓடிய கிலோமீட்டரால் பெருக்கிச் சொல்லிவிடுகின்றன. பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் நீடித்த தன்மை அறிக்கையை 2022-23 முதல் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி விதித்ததிலிருந்து இத்தகைய மென்பொருள்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. பெரிய நிறுவனம் தன் கணக்குக்காகச் சரக்கு ஏற்றும் ஒப்பந்ததாரரைக் கேட்கிறது. அவர் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ உள்ள லாரி உரிமையாளரைக் கேட்கிறார். அந்தக் கேள்விக்குக் கிலோமீட்டரை வைத்துப் பதில் சொல்லக் கூடாது, நிரப்பிய எரிபொருளை வைத்தே சொல்ல வேண்டும் என்பதுதான் இங்கே என் வாதம்.

காரணம் எளிமையான வேதியியல். டீசலின் எடையில் ஏறத்தாழ 86 விழுக்காடு கார்பன். ஒரு லிட்டர் டீசல் சுமார் 840 கிராம் இருக்கும். அதில் கார்பன் மட்டும் 720 கிராம். எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து 44 கிராம் கரியமில வாயுவாகிறது. ஆக, ஒரு லிட்டருக்குச் சுமார் 2.65 கிலோ. எண்ணெயைவிட வாயு மூன்று மடங்கு கனப்பது அந்த ஆக்ஸிஜனால்தான். ஓட்டுநர் யார், சாலை எப்படி, இன்ஜினுக்கு வயது என்ன என்பவற்றால் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. அவையெல்லாம் எத்தனை லிட்டர் செலவானது என்பதிலேயே அடங்கிவிடுகின்றன. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அந்தச் சோதனை டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியையும், பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவையும்தான் பார்க்கிறது. மூச்சுக்கு அது முக்கியம். ஆனால் புவி வெப்பத்தைக் கூட்டும் கரியமில வாயு மொத்தம் எவ்வளவு என்பதற்கு அதில் விடை கிடையாது.

கிலோமீட்டர் கணக்கின் பெரிய குறை, அது முயற்சியைப் பார்ப்பதில்லை என்பது. இரண்டு லாரிகள் 400 கிலோமீட்டர் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு மைலேஜ் 4, இன்னொன்றுக்கு 5. முதல் வண்டி 100 லிட்டர் குடிக்கிறது, இரண்டாவது 80. வித்தியாசம் 53 கிலோ கரியமில வாயு. சராசரியால் பெருக்கும் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே. டயர்களில் காற்று சரிபார்த்தது, சீரான வேகத்தில் ஓட்டியது, லோடு ஏற்ற வரிசையில் நின்றபோது இன்ஜினை அணைத்து வைத்தது எதுவுமே அதன் கண்ணில் படாது. அக்கறையோடு ஓட்டியவரையும் ஏனோதானோவென்று ஓட்டியவரையும் ஒரே எண்ணில் அடைக்கும் கணக்கு யாரையும் மாற்றாது. மாற்றத்தைத் தூண்டாத கணக்குக்கு எதற்காக இத்தனை செலவு?

சராசரிகளும் ஆய்வகச் சோதனைகளும் எவ்வளவு விலகும் என்பதற்கு ஐரோப்பா நல்ல சான்று. அங்கே புதிய கார்களில் உண்மையான எரிபொருள் செலவைப் பதியும் கருவி 2021 முதல் கட்டாயம். அந்தப் பதிவுகளைத் தொகுத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்களின் உமிழ்வு சோதனை அளவைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடக்கூடிய பிளக்-இன் ஹைப்ரிட் கார்களிலோ சராசரியாக மூன்றரை மடங்கு! மின்னேற்றி ஓட்டுவார்கள் என்ற அனுமானத்தில் எண் வகுத்தார்கள். மக்கள் பெட்ரோல் போட்டு ஓட்டினார்கள். லிட்டரை எண்ணிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

லிட்டரை எண்ணினால் மட்டும் போதாது, அந்த லிட்டரில் என்ன இருக்கிறது என்றும் மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். நம் நாடு 2025-இல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை எட்டிவிட்டது. தூய பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ வாயு தரும், எத்தனால் 1.5 கிலோ. எத்தனாலின் கார்பன் பயிர் காற்றிலிருந்து எடுத்தது என்பதால், உலக அளவில் ஏற்கப்பட்ட விதிகளின்படி அதைத் தனி வரியில் காட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் இன்று ஒரு லிட்டர் பெட்ரோலில் புதைபடிவக் கார்பன் தருவது 1.84 கிலோதான்; லிட்டருக்கு இத்தனை கிலோ என்ற பழைய பெருக்கெண்ணை மாற்றாத மென்பொருள் கால் பங்கு கூட்டிச் சொல்லும். மறுபக்கம், எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் கலப்பு லிட்டரில் ஆற்றல் 6, 7 விழுக்காடு இறங்குகிறது, மைலேஜும் இறங்குகிறது. கிலோமீட்டர் சராசரி இதையும் தவறவிடும். கரும்புக்கு இட்ட உரத்திலும் ஆலையின் கொதிகலனிலும் வெளியான உமிழ்வுக்கு இன்னொரு வரி வேண்டும். அதை மறைத்துவிட்டு எத்தனாலைச் சுத்தம் என்று எழுதுவது நேர்மையல்ல. ஆகவே மென்பொருளில் ஒவ்வொரு பெருக்கெண்ணோடும் அது எந்த நாளிலிருந்து எந்த எரிபொருளுக்குப் பொருந்தும் என்ற விவரம் சேர்ந்தே இருக்க வேண்டும். புது எண் வந்ததும் பழையதை அழித்து எழுதினால், போன ஆண்டுக் கணக்கை யாராலும் சரிபார்க்க முடியாது.

ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர் வழி நெடுகப் பல பெட்ரோல் பங்குகளில் டீசல் போடுகிறார், ரசீதுகளை எங்கே சேர்த்து வைப்பார் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் லாரித் தொழிலில் டீசல்தான் பெருஞ்செலவு. ஓட்டுநரும் உரிமையாளரும் டிரிப் முடிந்ததும் டீசல் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். புதிதாக ஒரு பழக்கத்தைத் திணிக்கத் தேவையில்லை; ரசீதைக் கைபேசியில் படம் எடுத்தால் லிட்டரைப் படித்துக்கொள்ளும் வசதியும், டேங்க் நிரம்பியதிலிருந்து அடுத்து நிரம்பும்வரை ஒரு கணக்காகக் கொள்ளும் முறையும் போதும். டீசல் திருட்டு, போலி ரசீது பற்றிய சந்தேகத்துக்குத்தான் கிலோமீட்டர் உதவும்: சரக்குகளுக்கான இ-வே பில்லில் வண்டி எண்ணும் தூரமும் இருக்கின்றன, தூரத்துக்கும் லிட்டருக்கும் பொருந்தாவிட்டால் மென்பொருள் கேள்வி எழுப்பலாம். ரசீதே இல்லாத டிரிப்புக்குச் சராசரியைப் பயன்படுத்தலாம், மதிப்பீடு என்ற அடையாளத்தோடும் ‘இதிலிருந்து இதுவரை’ என்ற வரம்போடும். அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே கூட்டுத்தொகையில் கலப்பதுதான் கூடாது. இந்த முறையில் ஓட்டுநர் எங்கே டீ குடிக்க நின்றார் என்று நொடிக்கு நொடி பின்தொடர வேண்டியதில்லை என்பதையும் நான் ஒரு நன்மையாகவே கருதுகிறேன்.

தோராயம் போதாதா, நாளை எல்லாம் மின்வண்டி ஆகப்போகிறதே என்பவர்களும் உண்டு. நாடுகள் சாலைப் போக்குவரத்தின் கரியமில வாயுவை ஐநாவுக்குக் கணக்குக் காட்டுவதே விற்ற எரிபொருளை அடிப்படையாகக் கொண்டுதான். நாட்டுக்குப் பொருந்தும் முறை நிறுவனத்துக்குப் பொருந்தாதா? மின்வண்டிக்கும் இதே தர்க்கம்தான். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வாயு வெளியாகிறது. லிட்டர் இருந்த இடத்தில் யூனிட் வரும், அவ்வளவே.

லிட்டர் கணக்கு சரியாக அமைய எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து ஒரு சிறிய உதவி வேண்டும். பல பங்குகளில் ரசீதிலேயே எரிபொருளின் அடர்த்தி இப்போது அச்சாகிறது. அதன் பக்கத்தில் அன்றைய எத்தனால் விழுக்காட்டையும் அச்சிட வேண்டும் என்று பெட்ரோலிய அமைச்சகம் உத்தரவிடலாம்.