ஐந்தாண்டு மாத்திரையும் கேட்கப்படாத வலிகளும்

அக்டோபர் பிறந்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுப் பேரணிகள் நடக்கின்றன. கட்டடங்கள் இளஞ்சிவப்பு விளக்கொளியில் மின்னுகின்றன. கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டறியுங்கள் என்பதே அவற்றின் செய்தி. தேவையான செய்திதான். ஆனால், அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து வீடு திரும்பிய பெண், அதன்பின் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை நாள்தோறும் விழுங்க வேண்டிய ஒரு மாத்திரையைப் பற்றி அந்த மேடைகளில் பேச்சு எழுவது அரிது.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டது. இத்தகைய நோயாளிகளில் பாதிப்பேருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் வளரும் கட்டியே இருக்கிறது. அவர்களுக்கானதுதான் ஹார்மோன் சிகிச்சை. மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் தமோக்சிஃபென் தரப்படுகிறது. நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனாஸ்ட்ரசோல் போன்றவை. முன்னது ஈஸ்ட்ரோஜன் புற்றணுக்களைப் பற்றவிடாமல் தடுக்கிறது. பின்னவை உடலில் அது சுரப்பதையே குறைத்துவிடுகின்றன.

பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1962-இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய தமோக்சிஃபென், கருத்தடை மருந்தாக முயன்று தோற்ற ஒன்று. இன்று அதை ஐந்தாண்டுகள் முறையாக உட்கொள்வோரிடம், மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. முறையாக உட்கொண்டால் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

இந்த மருந்துகள் ஒரு பெண்ணை மாதவிடாய் நிறுத்தக் காலத்தின் தொல்லைகளுக்குள் ஒரேயடியாகத் தள்ளுகின்றன. திடீரென முகத்திலும் மார்பிலும் வெம்மை பரவுகிறது. நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி உறக்கம் கலைகிறது. லெட்ரோசோல் வகை மருந்துகளால் காலையில் விரல்களும் முழங்கால்களும் இறுகிப்போகின்றன. எலும்பின் அடர்த்தி குறைகிறது. பிறப்புறுப்பு வறட்சியால் தாம்பத்தியம் வேதனையாகிறது. மனம் காரணமின்றிச் சோர்கிறது.

இவற்றை கடலூர் மாவட்டத்தின் அன்றாட வாழ்க்கையில் பொருத்திப் பார்க்க வேண்டும். பண்ருட்டிப் பகுதியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்ணுக்கு விரல்களே பிழைப்பு. அவை காலையில் மடங்க மறுத்தால் அன்றைய கூலி குறையும். காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டாரங்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு முழங்கால் வலி வெறும் ‘பக்கவிளைவு’ அன்று. கடற்கரைப் புழுக்கத்தில், கத்திரி வெயிலில், மின்விசிறி நின்றுபோன இரவில் உடலுக்குள்ளிருந்தும் வெப்பம் எழுந்தால் என்ன செய்வது? குளிர்ந்த அறையில் இருங்கள் என்று நோயாளிகளுக்கான கையேடுகள் சொல்கின்றன. அவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை போலும்.

ஆகவே, சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இது நம் ஊரின் அறியாமை என்று எண்ண வேண்டாம். வடக்கு கலிஃபோர்னியாவில் மருத்துவக் காப்பீடு பெற்றிருந்த 8,769 பெண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், முழுக்காலமும் ஒழுங்காக ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்கள் 49 சதவீதம் மட்டுமே.

நிறுத்தியதை அவர்கள் மருத்துவரிடம் சொல்வதும் அரிது. திட்டு விழும் என்ற அச்சம். சர்க்கரை நோயாளி மாத்திரையை விட்டால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். இங்கு வழக்கமான பரிசோதனை எதுவும் அப்படிக் காட்டாது. மாத்திரையை விட்ட சில வாரங்களில் வலி குறைந்து, உறக்கம் திரும்பி, உடம்பு நன்றாகவே தோன்றும். நோய் திரும்புவதாயின் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும். எனவே, ‘மாத்திரை என்ன செய்கிறது உங்களை?’ என்று கனிவாகக் கேட்பதைத் தவிர இதைக் கண்டறிய எளிய வழி வேறில்லை.

கேட்டால் செய்வதற்கு நிறையவே இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற பயிற்சியும் இருமுறை தசை வலுப்பயிற்சியும் செய்த பெண்களுக்கு ஓராண்டில் மூட்டுவலியின் கடுமை 29 சதவீதம் குறைந்தது. ஒரு மாத்திரை ஒத்துவராவிட்டால் அதே வகையில் வேறொன்றுக்கு மருத்துவர் மாற்றலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி, தேவையெனில் எலும்பைக் காக்கும் ஊசி ஆகியவை இருக்கின்றன. வறட்சிக்கு ஹார்மோன் கலவாத களிம்புகள் உண்டு.

வெம்மைக்கும் மருந்து உண்டு. ஆனால் கவனம் தேவை. மனச்சோர்வுக்கும் வெம்மைக்கும் தரப்படும் பராக்செடின் போன்ற சில மருந்துகள், தமோக்சிஃபென் உடலில் செயல்திறன் பெறுவதையே தடுக்கக்கூடியவை. வென்லாஃபாக்சின் அவ்வாறு தடுப்பது மிகக் குறைவு. எந்த மருத்துவரிடம் சென்றாலும் புற்றுநோய் மருந்துச் சீட்டையும் காட்ட வேண்டும் என்பது இதனால்தான். தமோக்சிஃபென் எடுப்பவருக்கு மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அதைப் பொறுத்துக்கொண்டிருக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எலின்சானெட்டன்ட் என்ற புதிய மருந்து, ஹார்மோன் சிகிச்சை பெறும் பெண்களின் வெம்மையைக் குறைப்பதாக 2025-இல் ஆய்வு முடிவுகள் வெளியாயின. நல்ல செய்தி. ஆனால், புதிய மருந்துக்காகக் காத்திராமல் செய்யக்கூடியதே அதிகம்.

சிதம்பரம் அண்ணாமலைநகரின் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2021-இல் சுகாதாரத் துறையின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாயிற்று. கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்டையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சிகிச்சைக்கு இடம் உண்டு. ஆனால், முழங்கால் வலியைச் சொல்வதற்காகத் திட்டக்குடியிலிருந்து ஒரு பெண் கூலியை இழந்து அத்தனை தொலைவு பேருந்தில் செல்வாரா?

அவர் வீட்டுக்கே செல்லும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளைத் தருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் அதே திட்டத்தில் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கு வேண்டிய பயிற்சியைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமானவர் யார்? கணவரிடமும் சொல்லத் தயங்கும் வறட்சியைப் பற்றி, மருத்துவரின் அறையில் பிறர் முன்னால் பேசாத பெண், தன் வீட்டுத் திண்ணையில் இன்னொரு பெண்ணிடம் பேசக்கூடும்.

சிகிச்சை அளித்த மருத்துவமனை, ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் பெண்ணின் விவரத்தை அவருடைய ஒப்புதலோடு அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தன்னார்வலரின் பதிவேட்டில் மாத்திரை தொடர்கிறதா, என்ன தொல்லை என்ற இரு கேள்விகள் சேர வேண்டும். பதில் கவலைக்குரியதாக இருந்தால் அது சிகிச்சை அளித்த மருத்துவரைத் தொலைபேசியிலேனும் எட்ட வேண்டும். தமோக்சிஃபென் விலை குறைந்த மருந்து. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றதும்கூட. மூன்று மாதத்துக்குரிய மாத்திரையை உள்ளூர் சுகாதார நிலையத்திலேயே தருவது அரசுக்குப் பெருஞ்சுமையாகாது. முதலில் கடலூர் மாவட்டத்தில் ஒன்றிரண்டு வட்டாரங்களில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.