சீமெந்துப் பையும் மேசனின் கையும்

1950ஆம் ஆண்டு காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1990இல் போர் அதனை மூடியது. ஆலையோடு சீமெந்தின் தீங்கும் ஒழிந்ததென எண்ணுவோர், இன்று யாழ்ப்பாணத்தில் வீடு கட்டும் எந்த வளவுக்கேனும் சென்று பார்க்கட்டும்!

அங்கே வெறுங்கையால் கலவை குழைக்கிறான் மேசனின் கையாள். ஈரச் சீமெந்து கடுங்காரம். தோலை அரிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையையே கெடுக்கும். தூசியோ மூச்சுக்குழலை உறுத்தும். அதிலுள்ள நீரிற் கரையும் குரோமியத்தால் ஒருவனுக்கு ஒவ்வாமை தோன்றிவிட்டால், பின்னர் சீமெந்தைத் தொடுந்தோறும் தோல் வெடிக்கும், தொழிலே பறிபோகும். கையாற் கையாளும் சீமெந்தில் அக்குரோமியம் பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேற்படலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சட்டத்தால் விதித்துள்ளது. ஐரோப்பியன் தோல் மட்டுந்தான் தோலா?

நம் நாட்டிலும் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் நாட்கூலிக்கு எசமான் யார்? வீட்டுக்காரர் ஒப்பந்தகாரரைக் காட்டுகிறார். ஒப்பந்தகாரர் வீட்டுக்காரரைக் காட்டுகிறார். இடையில் நிற்பவன் புண்பட்ட கையோடு வீடு திரும்புகிறான்.

இது தலைவிதியன்று; அசட்டை! கையுறை, கண்காப்புக் கண்ணாடி, முகமூடி, கழுவ நல்ல நீர்: இவை தருமமல்ல, கூலியோடு சேர்ந்த கடன். எசமான் இன்னாரென்பதையும் இக்கடனையும் ஒப்பந்தத்தில் எழுதாமல் அத்திவாரம் வெட்டாதீர்!