அறிக்கை யாருக்கு?

உத்தரப் பிரதேச அரசு – லால்தா பிரசாத் வைஷ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பைப் பற்றி வரி வல்லுநர்களும் அரசியல் சாசன அறிஞர்களும் நிறையவே எழுதிவிட்டார்கள். கூட்டாட்சிக்குக் கிடைத்த வெற்றி என்றார்கள் சிலர். மாநிலக் கருவூலங்களுக்குக் கிடைத்த வரவு என்றார்கள் வேறு சிலர். ஆய்வக மேசையின் முன் நிற்கும் நமக்கு அது என்ன சொல்கிறது என்பதை யாரும் பேசியதாகத் தெரியவில்லை. நாம்தான் பேச வேண்டும்.

எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், சிந்தடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் வழக்கில் எழுவர் அமர்வு முன்பு வகுத்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. மாநிலப் பட்டியலின் 8-ஆம் பதிவில் உள்ள போதை தரும் மதுவகை என்பதற்குள் ரெக்டிஃபைடு ஸ்பிரிட், ஈ.என்.ஏ., டீநேச்சர்டு ஸ்பிரிட் மூன்றும் அடங்கும் என்கிறது பெரும்பான்மை. கைச்சுத்திகரிப்பான் போன்ற இறுதிப் பொருள்கள் வெளியே நிற்கின்றன. நீதிபதி பி.வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். இந்த முடிவுக்கு வரப் பெரும்பான்மை கைக்கொண்ட அளவுகோல்தான் நமக்கு முக்கியம். ஒரு ஆல்கஹாலை மக்கள் உடல்நலத்துக்குக் கேடு தரும் வகையில் பயன்படுத்த முடியுமா என்று அது கேட்டது. முடியுமென்றால், மூலப்பொருள் தொடங்கி நுகர்வு வரை அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலத்துடையது.

இவ்விதழ் தீர்ப்பை வரவேற்கிறது. தொழிற்சாலை ஆல்கஹால் மத்திய அரசின் விஷயம் என்று இனி எந்த மாநில அதிகாரியும் கையை விரிக்க முடியாது. ஆனால் அதிகாரம் கைக்கு வந்ததும் உரிமக் கட்டணத்தையும் அனுமதிச்சீட்டுக் கட்டணத்தையும் கணக்குப் போடத் தொடங்கி, பரிசோதனையைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் நமக்கு இருக்கிறது. வழக்கு முளைத்ததே கட்டண வசூலில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

தீர்ப்பு எத்தனால் வழியில் வரும் சரக்குகளைப் பற்றியது. நம் மேசைக்கு வரும் மரணங்களோ மெத்தனாலால் நேர்பவை. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சிய சாராயத்தில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கொல்வது வெளியிலிருந்து கலக்கப்படும் தொழிற்சாலைச் சரக்கு. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் குடித்தது சாராயமே இல்லை, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று ஆய்வு முடிவை வைத்துக் காவல்துறைத் தலைமையே அறிவித்தது. தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு 1959-ஆம் ஆண்டின் டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் விதிகள் இருக்கின்றன. அவை காகிதத்தில் உரிமத்தைக் கேட்கின்றன. டேங்கர் லாரியில் புறப்பட்ட அளவும் ஆலையில் இறங்கிய அளவும் பொருந்துகின்றனவா, பீப்பாயில் இருப்பது லேபிளில் எழுதியதுதானா என்பதை நம்மைக் கொண்டு சோதித்துப் பார்க்கும் வழக்கம் வேரூன்றவில்லை. உடல்நலக் கேடு என்ற புதிய அளவுகோல் மெத்தனால் கட்டுப்பாட்டுக்கும் வலு சேர்க்கிறது என்றே இதை வாசிக்கிறோம். அரசுச் சட்ட ஆலோசகர்களும் அப்படியே வாசிக்க வேண்டும்.

ஈயம், தாமிரம், எத்தில் கார்பமேட், ஆல்டிஹைடுகள் ஆகியவற்றுக்கு இத்தீர்ப்பால் புதிதாக ஒன்றும் நேரவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு மதுபான ஒழுங்குமுறைகள் அவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் தொழில் எங்கே பிறந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1816-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சைக்ஸ் ஹைட்ரோமீட்டரைச் சட்டக் கருவியாக்கியது வரி வசூலுக்காக. அதே கருவியும் அதே புரூஃப் கணக்கும் இங்கே ஆயத்தீர்வைக் கிடங்குகளுக்கு வந்தன. 20 டிகிரியில் எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.791. நூறு பேரைக் கொல்லக்கூடிய கலவையை மிதவை நல்ல சாராயமாகவே காட்டும். கருவூலத்துக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை, ஆகவே கருவியும் அதைத் தேடவில்லை. பிறகு குரோமோட்ரோபிக் அமிலம் வந்தது, ஜி.சி. வந்தது, ஹெட்ஸ்பேஸ் வந்தது. எத்தனாலுக்கு முன்னால் வந்து நிற்கும் அந்தச் சிறு பீக்கைப் பத்து நிமிடத்துக்குள் பிரித்துக் காட்ட நம்மால் முடிகிறது. ஆனால் அந்த முடிவைத் தாங்கிய அறிக்கை போய்ச் சேரும் முகவரி கருவூலத்திலிருந்து நீதிமன்றத்துக்கு மாறியதோடு நின்றுவிட்டது. மருத்துவமனை வார்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இவ்விதழ் தொடங்கிய காலம் முதல் நாம் சொல்லிவரும் குறை இது. திரும்பச் சொல்வதற்குத் தயங்கவில்லை. பறிமுதல் செய்த சாராயமோ, இறந்தவரின் உள்ளுறுப்போ, உயிரோடிருப்பவரின் ரத்தமோ, எதுவானாலும் நம்மிடம் வரும் பாதை ஒன்றுதான்: விசாரணை அதிகாரியின் கோரிக்கை, குற்றவியல் நடுவரின் கடிதம், அரக்கு முத்திரை, மாதிரி முத்திரை, பதிவேடு, வரிசை எண். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு நம் அறிக்கையைச் சான்றாக ஏற்கிறது என்பதால் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியும் அறக் கூடாது என்று பழகியிருக்கிறோம். பழகியது சரிதான். ஆனால் ரத்தம் கொடுத்தவர் கட்டிலில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறார். மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகே அவர் கண் மங்குகிறது. அதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம், கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் நீளும். அந்த இடைவெளியில் எத்தனாலோ ஃபோமெபிசோலோ ஏற்றி நொதியைத் தடுக்கவும், டயாலிசிஸில் நஞ்சை வெளியேற்றவும் முடியும். 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம் மெத்தனால் என்பது சிகிச்சை தொடங்கும் வழக்கமான எல்லை. அந்த எண்ணைச் சொல்லக்கூடிய கருவி தடய அறிவியல் ஆய்வகத்தில் இருக்கிறது. மருத்துவரின் கையில் ரத்த வாயுப் பரிசோதனையும் ஊகமும்தான் இருக்கின்றன. மருத்துவர் தொலைபேசியில் கேட்டால் வாய் திறக்கக் கூடாது என்பதே நம்மில் பலருக்குப் பணியில் சேர்ந்தவுடன் சொல்லப்பட்ட முதல் பாடம்.

கள்ளக்குறிச்சியைப் பாருங்கள். 2024 ஜூன் 19 காலை கருணாபுரத்தில் சாவுகள் தொடங்கியபோது, அவை சாராயத்தால் நேர்ந்தவை என்பதற்கு ஆதாரமில்லை என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. எந்தப் பரிசோதனையை வைத்து அப்படிச் சொன்னார்கள்? துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று பின்னர் செய்திகள் வந்தன. பறிமுதலான சாராயத்தை விழுப்புரம் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியபோது மெத்தனால் கலந்திருப்பது அதே நாளில் தெரியவந்தது. ஆய்வகம் தாமதிக்கவில்லை. கேட்டவுடன் பதில் சொன்னது. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டது நிர்வாகம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என நோயாளிகள் பிரிந்து போனார்கள். 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதன் பிறகு என்ன நடந்தது? மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், விசாரணை ஆணையம் வந்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சாவுகள் தொடங்கிய பத்து நாளில் மதுவிலக்குச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் சிறை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். கடுமை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தின் கனம் முழுவதும் குற்றவாளியின் தண்டனையின் பக்கம் போய்விட்டது. குடித்தவரைக் காப்பாற்றும் பரிசோதனை யார் பொறுப்பு என்ற கேள்வியை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நம்மிடம் உள்ளுறுப்புப் பெட்டிகள் வருகின்றன. சாவுக்கு முந்தைய ரத்தம் நேரத்தோடு வருவதில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் உள்துறை சுகாதாரத் துறையைக் காட்டுகிறது, சுகாதாரத் துறை உள்துறையைக் காட்டுகிறது.

வேறு விதமாகவும் நடக்க முடியும். 2012 செப்டம்பரில் செக் குடியரசில் மெத்தனால் கலந்த மதுவால் மக்கள் இறக்கத் தொடங்கினார்கள். 14-ஆம் தேதி 20 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள எல்லா மதுவையும் நாடு முழுவதும் விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். மூலச் சான்றுள்ள சரக்கை மட்டும் பிறகு அனுமதித்தார்கள். உற்பத்தியாளர்கள் கூச்சலிட்டார்கள், அரசு பின்வாங்கவில்லை. அங்கும் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஊருக்கு உண்மை அன்றே சொல்லப்பட்டது.

நாம் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் உறைநிலை முறையில் இயங்கும் ஆஸ்மோமீட்டர் ஒன்று வேண்டும். கொள்முதல் ஆணையில் ஆவியழுத்த வகையை வாங்கிவிடப் போகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். ஆவியாகும் ஆல்கஹாலை அது தவறவிடும். நொதி முறையில் ஃபார்மேட் அளக்கும் சோதனை, தாமதமாக வந்த நோயாளிகளுக்கு இன்னும் பயன் தரும். அவர்கள் ரத்தத்தில் மெத்தனால் குறைந்தும் அமிலம் ஏறியும் இருக்கும், எல்லைக்குக் கீழே என்று நாம் எழுதும் வரி மருத்துவரைத் தவறான பக்கம் தள்ளிவிடக் கூடும். மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் ஜி.சி. வைக்கலாம். அதுவரை, வாழும் நோயாளியின் ரத்தத்தை ஃப்ளூரைடு–ஆக்சலேட் குழாயில் விளிம்புவரை நிரப்பி, மூடி, குளிரில் வைத்து, இரண்டு பங்காக எடுக்க வேண்டும். ஒரு பங்கு முத்திரையோடு நீதிமன்றப் பாதையில் போகட்டும். மற்றொன்று முத்திரையோ நடுவரின் கடிதமோ இல்லாமல் நேராக நம்மிடம் வர வேண்டும். முடிவை அறிக்கைக்குக் காத்திராமல் பணி மருத்துவருக்குச் சொல்ல நமக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். மெத்தனால் உறுதியானதும் ஆய்வக இயக்குநரே நேரடியாகப் பொதுச் சுகாதார இயக்குநருக்கு எச்சரிக்கை அனுப்பும் அதிகாரமும் வேண்டும். ஆய்வு முடிவு வரும் முன் சாவுக்குக் காரணம் இதுதான் என்றோ இதில்லை என்றோ எந்த வருவாய் அதிகாரியும் ஊடகத்தில் சொல்லக் கூடாது.

நஞ்சாகக் கூடிய ஆல்கஹாலை மூலப்பொருள் முதல் நுகர்வு வரை ஆளும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று எட்டு நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நுகர்ந்தவரின் ரத்தமும் அந்த வரம்பில்தான் வருகிறது. 1959 விதிகளைத் திருத்தி எழுதும் வேலை தொடங்கும்போது, ஆய்வகங்களின் சார்பில் இந்தக் கோரிக்கைகளை உள்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் ஒரே மனுவாக அனுப்ப இவ்விதழ் முடிவு செய்திருக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் மெத்தனால் சந்தேக மாதிரிகள் வந்த நேரம், ஆய்வு முடிந்த நேரம், முடிவு மருத்துவருக்கு எட்டிய நேரம் மூன்றையும் பதிவேட்டிலிருந்து எடுத்து, பெயர்களை நீக்கி, அடுத்த இதழுக்குள் எங்களுக்கு அனுப்புங்கள். மருத்துவருக்கு எட்டவே இல்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள்.