கூறு போட்டவர் கடைசியில் எடுக்க வேண்டும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. மணி 12.30 இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். பேரன் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்னடா கண்ணு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தாத்தா. ஒரு வாள் போச்சு."

எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை டிபனுக்குப் பிறகு பொறுமையாகச் சொன்னான். கம்ப்யூட்டரில் ஆன்லைன் ஆட்டம் ஒன்று. பல ஊர்ப் பையன்கள் 25 பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கில்டு என்று பெயர். வாரா வாரம் இரண்டு மணி நேரம் சேர்ந்து சண்டை போட்டு ஒரு பெரிய பூதத்தைச் சாய்க்க வேண்டும். சாய்ந்தால் அது ஒரு பொருளைக் கீழே போடும். பொருள் ஒன்று, ஆள் 25. இவன் எட்டு மாதமாக ஒரு வாரம்கூடத் தவறாமல் போயிருக்கிறான். கடைசியில் விழுந்த வாளை, போன மாதம் சேர்ந்த தன் நண்பனுக்குக் கொடுத்துவிட்டான் தலைவன். கேட்டதற்கு, "நான்தானே லீடர்" என்று பதில்.

என் வீட்டம்மா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, இல்லாத கத்திக்காக இருக்கிற தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டானா?"

படிக்கிற நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். மத்தியானம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்தால், வாள் பொய்யாக இருக்கலாம், எட்டு மாதம் பொய் இல்லை. அதை யாரோ ஒருவன் ஒரே வார்த்தையில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான். அந்த வலிக்கு வயது வித்தியாசம் கிடையாது.

இந்த மாதிரிப் பொருளுக்கு அந்த ஆட்டத்தில் 'லூட்' என்று பெயராம். அது நம் நாட்டுச் சொல்தான். கொள்ளை என்று பொருள்படும் இந்திச் சொல், கம்பெனிக்காரர்கள் காலத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. சொல்லோடு பங்குச் சண்டையும் சேர்ந்து போயிருக்கும் போலிருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். சின்ன வகுப்பில் லா ஃபோந்தேன் கதைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். 1668-ல் வந்த முதல் தொகுதியில் ஒரு கதை. பசு, வெள்ளாடு, செம்மறி மூன்றும் சிங்கத்தோடு கூட்டுச் சேர்கின்றன. வெள்ளாட்டின் வலையில் ஒரு மான் விழுகிறது. சிங்கம் அதை ஒழுங்காக நான்கு பங்கு போடுகிறது. முதல் பங்கு தனக்கு, ஏனென்றால் தன் பெயர் சிங்கம். இரண்டாவதும் தனக்கு, ஏனென்றால் பலசாலி. மூன்றாவது வீரத்துக்காக. நான்காவதைத் தொட்டவர் கழுத்து நெரியும். மனப்பாடம் ஒப்பிக்கும்போது நாங்கள் சிரிப்போம். சிங்கம் பங்கு போட்டதில் தப்பில்லை, நான்கும் சமமாகத்தான் இருந்தன என்பது எனக்கு உறைக்க ஐம்பது வருஷம் ஆயிற்று. பங்கு போட்டவனே முதலில் கை வைத்ததுதான் தப்பு.

சரியான முறையை நான் பார்த்தது சேந்தமங்கலம் பக்கம், மாமனார் ஊரில். கல்யாணமான புதிது. பத்து வீட்டுக்காரர்கள் காசு போட்டு ஒரு மேச்சேரி ஆடு வாங்கினார்கள். அறுத்துக் கொடுத்தவருக்கு உண்டான கூலியை முதலில் தனியே எடுத்து வைத்தார்கள். பிறகு வாழை இலையில் பத்துக் கூறு. ஈரல் பத்துத் துண்டு, கொழுப்பு பத்துத் துண்டு, எலும்பு இத்தனை, சதை இத்தனை என்று கையால் மாற்றி மாற்றி வைத்தார்கள். பார்த்தவர்கள், "அந்தக் கூறு இளைச்சிருக்குது, இன்னொரு துண்டு போடுங்க" என்றார்கள். எல்லாரும் "சரிதானுங்க" என்ற பிறகு, ஆளுக்கு ஒரு அடையாளம் கொடுத்தார்கள். ஒருவர் புளியங்கொட்டை, ஒருவர் கூழாங்கல், ஒருவர் வேப்பிலை. எது யாருடையது என்று தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு, கூறுக்கு ஒன்றாக வைக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். முணுமுணுப்பு இல்லை. கூறு போட்டவர் யாருக்கும் ஓரம் சாய முடியாது. எந்தக் கூறு தனக்கு வரும் என்று அவருக்கே தெரியாதே!

உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் இதே விஷயம்தான் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலையை எடுக்க விவரம் அறியாத ஒரு சிறுவனைத்தான் கூப்பிட வேண்டும் என்கிறது. நம் ஆட்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஒரு தடவை சிங்கமாக இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். 1997 ஜனவரி 1-ம் தேதி சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பல துறைகளில் ஆட்களையும் கோப்புகளையும் தளவாடச் சாமான்களையும் பிரிக்க வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் பட்டியல் போடும் வேலை உதவியாளரான என்னிடம் வந்தது. எந்தத் துறை என்று கேட்காதீர்கள். எண்ணிக்கையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இங்கே நாலு நாற்காலி என்றால் அங்கேயும் நாலு. ஆனால் கால் ஆடும் நாற்காலி எல்லாம் நாமக்கல் பட்டியலில். 'க' விழாத டைப்ரைட்டர் நாமக்கல்லுக்கு. கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறியும் நாமக்கல்லுக்கு. நான் சேலத்திலேயே இருப்பேன் என்று நினைப்பு. காகிதத்தில் பார்த்தால் சரிபாதி. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது மாதம் எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. நாமக்கல்லுக்கு. நான் அனுப்பிய நாற்காலியிலேயே, நான் அனுப்பிய விசிறிக்குக் கீழேயே, மூன்று வருஷம் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் தினமும், "எந்தப் புண்ணியவான் பிரிச்சானோ" என்பார். நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

பேரனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். பிறகு ஆட்டக்காரர்கள் பங்கு பிரிக்கும் வழிகளை எல்லாம் விளக்கினான். ஒன்று, தாயக்கட்டை உருட்டுவது போல எண் விழச் செய்வது. அதிக எண் வந்தவனுக்குப் பொருள். இரண்டு, 'தேவை' என்று சொல்பவர்களுக்குள் மட்டும் உருட்டுவது, மற்றவர்கள் ஆசைக்குக் கேட்பவர்கள், பின்னால் நிற்க வேண்டும். மூன்று, வந்த நாளுக்கெல்லாம் புள்ளி கொடுத்துச் சேர்த்துவைத்து, அந்தப் புள்ளியைச் செலவழித்துப் பொருளை எடுப்பது. 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆட்டத்தில் டிராகன்களைக் கொன்றதற்குப் புள்ளி போட்டதில் தொடங்கியதாம். நான்கு, ஏலம் விட்டு, அந்தப் பணத்தை எல்லாருக்கும் பிரிப்பது. ஐந்து, தலைவன் இஷ்டம்.

நான்காவதைக் கேட்டதும், "இது நம்ம ஏலச்சீட்டுடா!" என்றேன். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரக்காரர் 25,000 தள்ளி எடுக்கிறார். நடத்துபவருக்கு 5,000 போக மீதி 20,000 எல்லாருக்கும் பிரிகிறது. ஆளுக்கு 1,000 குறைத்துக் கட்டினால் போதும். எடுத்தவருக்கும் பலன், எடுக்காதவருக்கும் பலன். ஆனால் கையில் வசதி இருப்பவன் காத்திருந்து லாபம் பார்ப்பான், கஷ்டப்பட்டவன் தள்ளித் தள்ளி நஷ்டப்படுவான். அதனால்தான் 1982-ம் வருஷச் சீட்டு நிதிச் சட்டம் தள்ளுவதற்கு ஒரு உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்புக்கே பலர் கேட்டால் குலுக்கல்தான் என்றும் சொல்கிறது.

புள்ளி முறையிலும் ஓட்டை உண்டு. பழைய ஆள் புள்ளியைக் குவித்துவைத்திருந்தால் புதிதாக வந்தவன் எட்டிப் பிடிக்கவே முடியாது. அலுவலகத்தில் சீனியாரிட்டி என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். குலுக்கலில் ஓரம் கிடையாது, உழைப்புக்கு மதிப்பும் கிடையாது. 'தேவை' முறை நல்லவர்களுக்குள் மட்டும் செல்லும். "நீ தேவையில்லாமல் தேவைன்னு சொன்னதே இல்லையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு தடவை" என்றான்.

தலைவன் இஷ்டம் பற்றிய சண்டை பெரிய ஆட்டங்களிலும் உண்டாம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நடத்தும் பிளிசார்ட் கம்பெனி, 2018-ல் தலைவனே பொருளை எடுத்துக் கொடுக்கும் அதிகாரத்தை நீக்கிவிட்டு, நேரே ஆளுக்கு ஆள் பொருள் போகும்படி செய்தது. 2022-ல் உருட்டும் முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. கம்பெனியே மாற்றி மாற்றிப் பார்க்கிறது என்றால், பழுதில்லாத முறை என்று ஒன்று கிடையாது என்றுதானே அர்த்தம்?

என் அபிப்பிராயம் இது. எந்த முறை என்பது இரண்டாம் பட்சம். முறையை வேட்டைக்கு முன்பே பேசி எழுதிவைக்க வேண்டும், பொருள் விழுந்த பிறகு எழுதும் விதி விதியே அல்ல. கணக்கு எல்லார் கண்ணிலும் பட வேண்டும். வெட்ட முடிந்ததைக் கூறு போடலாம். வாள் மாதிரி வெட்ட முடியாததற்கு முறை வைத்து, சமமானவர்களுக்குள் குலுக்கலாம். பிரிக்கிறவர் கடைசியில் எடுக்க வேண்டும். கொள்ளைக்காரர்கள்கூட இதில் நம்மைவிட ஒழுங்கு. 1720-களில் அட்லாண்டிக்கைக் கலக்கிய பார்த்தலமேயு ராபர்ட்ஸின் கப்பலில் தலைவனுக்கு இரண்டு பங்குதான், அதுவும் முன்கூட்டியே எழுதிவைத்து எல்லாரும் ஒப்புக்கொண்டது.

சிலர் கேட்பார்கள், பொறுப்பை எல்லாம் சுமக்கிற தலைவனுக்கு ஒன்றும் கூடாதா என்று. தாராளமாக உண்டு. ஆட்டை அறுத்தவருக்குக் கூலியைத் தனியே எடுத்துவைத்தார்களே, அது போல. கூலியை வெளிப்படையாகக் கேட்டு வாங்கலாம். பங்குக்குள் ஒளித்து எடுக்கக் கூடாது.

பேரன் அந்தக் குழுவை விட்டுவிட்டான். அவனோடு ஆறு பேர் வந்துவிட்டார்கள். புதுக் குழுவில் புள்ளிக் கணக்கு எழுதும் வேலை இவனுக்கு. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "தாத்தா, பதிவேடு எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டான். கோடு போட்டுக் காட்டினேன். தேதி, பெயர், வரவு, செலவு, இருப்பு, கையெழுத்து. கையெழுத்துக்கு அவன் சிரித்தான்.

கடைசிப் பத்தியில் அவன் பெயரை அவனாகவே எழுதிக்கொண்டான். முதல் வரிசையில் இடம் காலியாகத்தான் இருந்தது.