சொல்லும் சூடும்

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றும் கேட்டார். "கூலர், ஹீட்டர், ஏ.சி. இவற்றைப் பற்றி" என்றேன். அவர் முகம் சற்றே வாடியது. சிலம்பும் குறளும் மணக்க வேண்டிய ஏட்டில் கூலருக்கு என்ன வேலை என்று நினைத்திருப்பார். அப்படி நினைத்ததில் தவறில்லை. ஆனால், தமிழகத்திலிருந்து தில்லிக்குப் படிக்க வரும் மாணவனை முதலில் எதிர்கொள்வது இந்த ஊரின் தட்பவெப்பந்தான். மே, ஜூன் மாதங்களில் 45 பாகை வரை காய்கிற இவ்வூர், ஜனவரி இரவுகளில் 5 பாகைக்கும் கீழே இறங்கி எலும்பை நடுக்குகிறது. இரண்டையும் தாங்குவதற்கு நாம் வாங்கும் கருவிகளோடு சில சொற்களும் நம் அறைக்குள் நுழைகின்றன. அச்சொற்களின் பொருள் அறியாமல் அக்கருவிகளோடு குடித்தனம் நடத்துவது பணத்துக்குக் கேடு. சில வேளைகளில் உயிருக்கும் கேடு. இதுவே நான் சொல்ல வந்தது.

முதலில் 'டன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். "ஒன்றரை டன் ஏ.சி." என்று கடைக்காரர் சொன்னபோது, "அவ்வளவு எடையை நம் சுவர் தாங்குமா?" என்று என் அறைத்தோழர் கவலையோடு கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் சிரித்த எங்களுக்கும் விடை தெரியாது! இயந்திரக் குளிர் வருவதற்கு முன்பு உலகம் பனிக்கட்டியால் குளிர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேர்த்து வைக்க 1842-இல் ஒரு கட்டடமே எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் அதனை நம்மவர் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே சொல்கிறார்கள். அந்தக் காலத்தின் எச்சந்தான் இந்த டன். அமெரிக்க அளவில் ஒரு டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றுவது ஒரு டன் ஏ.சி. மணிக்கு 12,000 பி.டி.யு. என்று எழுதியிருந்தாலும், சுமார் 3.5 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் அதே அளவுதான்.

இங்கே ஓர் ஐயம் எழும். ஒன்றரை டன் கருவி வெளியேற்றும் வெப்பம் சுமார் 5.3 கிலோவாட், ஆனால் அது உண்ணும் மின்சாரமோ ஒன்றரைக் கிலோவாட் அளவுதான். இது எப்படி? குளிரை எவரும் 'உண்டாக்குவது' இல்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுவதே அந்தக் கருவியின் தொழில். மின்சாரம் அதற்குச் சுமைகூலி. கூலி ஒன்று, சுமை மூன்று நான்கு என்பதில் வியப்பில்லை. 'குளிர்சாதனம்' என்று நாம் வைத்த பெயர் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது. நம்மவர் சிலர் ஆக்கித் தந்த 'காற்றுப் பதனம்' என்ற சொல் வழக்கில் ஊன்றாமற் போனது எனக்கு வருத்தமே.

இந்தக் கூலிக் கணக்கைத்தான் நட்சத்திரச் சீட்டு சொல்கிறது. ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று அதில் ஓர் எண் இருக்கும். ஓர் ஆண்டில் வெளியேற்றிய மொத்த வெப்பத்தை, உண்ட மொத்த மின்சாரத்தால் வகுத்து வரும் ஈவு அது. 2018 முதல் ஏ.சி.களின் தரத்தை இந்த எண்ணைக் கொண்டே வகுக்கிறார்கள். எண் கூடினால் செலவு குறைவு. நட்சத்திரத்துக்கு வேண்டிய எல்லையை அரசு அவ்வப்போது உயர்த்தி வருகிறது. ஆதலால் பழைய சீட்டின் ஐந்து நட்சத்திரமும் புதிய சீட்டின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. நட்சத்திரத்தை எண்ணுகிறவர்கள் சீட்டின் ஆண்டையும் பார்க்க வேண்டும். சீட்டில் உள்ள ஆண்டு மின்செலவு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரவும் பகலும் ஓட்டிவிட்டுச் சீட்டைத் திட்டுவது நியாயமாகாது.

'இன்வெர்ட்டர்' என்ற சொல் செய்த குழப்பம் தனிக்கதை. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால், மின்சாரம் போனால் விளக்கெரிக்கும் பாட்டரிப் பெட்டி. ஆகவே மின்வெட்டு மிகுந்த பகுதியில் குடியிருந்த ஒரு நண்பர், கூடுதல் விலை கொடுத்து இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்கினார். முதல் மின்வெட்டிலேயே அது மற்ற ஏ.சி.களைப் போலவே கண்ணை மூடிக்கொண்டது. அவர் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். உண்மையில் அந்தச் சொல், கம்ப்ரெஸரின் வேகத்தைத் தேவைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் மின்னமைப்பைக் குறிக்கிறது. மற்ற ஏ.சி. முழு வேகத்தில் ஓடும், பிறகு நிற்கும், மறுபடி ஓடும். இதுவோ அறை குளிர்ந்தபின் மெல்ல நடைபோடும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும், மின்சாரமில்லாமல் ஓடாது.

கூலரை ஏளனம் செய்யாத சென்னை மாணவனை நான் கண்டதில்லை. "தண்ணீரை ஊற்றினால் குளிருமா?" என்பான். அவன் ஊரில் அது பெரும்பாலும் உண்மை. கடற்காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அங்கே நீர் எளிதில் ஆவியாவதில்லை. தில்லியின் மே மாதக் காற்றோ வறண்ட காற்று. நீர் விரைந்து ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஏ.சி.யின் செலவில் சிறு பங்கே ஆகும். அந்தக் காலத்தில் வாசலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு நீர் தெளித்ததும் இதே தத்துவந்தான். ஆங்கிலத்தில் அந்தப் புல்லுக்கு வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரே தமிழிலிருந்து போனது. ஆனால் ஒன்று: ஏ.சி. ஓடும்போது சன்னலைச் சாத்த வேண்டும். கூலர் ஓடும்போது திறந்து வைக்க வேண்டும். ஈரக்காற்று வெளியேற வழியில்லையேல் அறை வேர்வைக் கூடமாகிவிடும். ஜூலையில் மழைக்காற்று வந்தபின் கூலர் பயன் குறைவதும் இதனாலேயே. கருவியைப் பழிக்கலாகாது.

இதுவரை சொன்னவை பணத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப் போவது உயிரைப் பற்றியது.

நான் இங்கு வந்த முதல் ஆண்டு, நாங்கள் மூவர் ஒரு வீட்டின் மொட்டைமாடி அறையில் குடியிருந்தோம். டிசம்பர் முடியும் சமயம். ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர், "கம்பி ஹீட்டர் அறையிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், ஆயில் ஹீட்டர் தின்னாது, கரண்டும் குறைவு" என்றார். ஆயில் ஹீட்டரின் விலையோ எங்கள் மூவரின் மாதச் சாப்பாட்டுச் செலவையும் மிஞ்சியது. ஆக்ஸிஜனைத் தின்னும் ஹீட்டர் வேண்டாம், ஆயில் ஹீட்டருக்குக் காசு இல்லை என்று முடிவு செய்து, கீழ்வீட்டிலிருந்து ஓர் அங்கீட்டியைக் கேட்டு வாங்கி வந்தோம். நம் ஊர்க் கரியடுப்புப் போன்றதுதான். கரி நன்றாகக் கனன்றது, புகை இல்லை. குளிர்காற்று நுழையாதபடி கதவிடுக்கில் பழைய செய்தித்தாளைத் திணித்துவிட்டுப் படுத்தோம்.

நடு இரவில் தலைவலி மண்டையைப் பிளந்தது. எழுந்திருக்க முயன்றேன், கால் என் வசத்தில் இல்லை. அப்போது யாரோ கதவை இடிக்கும் ஓசை. "கோலோ! தர்வாஜா கோலோ!" ரோந்து வந்த முதிய காவலர், மூடிய சன்னல் கண்ணாடியில் கரியின் செவ்வொளியைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்திருக்கிறார். தவழ்ந்து போய்த் தாழை நீக்கினேன். தஞ்சை நண்பரை இருவராகச் சேர்ந்து வெளியே இழுத்தோம். விடியும்வரை மருத்துவமனையில் அவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது. பிழைத்துக்கொண்டார்.

மின்கம்பி ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. மின்சாரம் பாய்வதால் கம்பி சிவக்கிறது; அவ்வளவே. அது ஆக்ஸிஜனைத் தின்பதில்லை. காற்று சூடாகும்போது வறட்சி தோன்றித் தொண்டை உலர்வதைத்தான் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆயில் ஹீட்டராயினும் கம்பி ஹீட்டராயினும் 1,000 வாட் என்றால் ஒரு மணிக்கு ஒரு யூனிட். கொடுக்கும் சூடும் ஒன்றே. ஆயில் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் அவ்வப்போது மின்சாரத்தை நிறுத்துவதால் வரும் மிச்சத்தைத் தவிர வேறு மாயமில்லை. கம்பி ஹீட்டருக்கு உரிய ஆபத்துகள் வேறு: போர்வை பட்டால் தீப்பிடிக்கும், 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுப்பதால், 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக்கே கருகும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும்.

உண்மையில் ஆக்ஸிஜனைத் தின்பது கரி. மூடிய அறையில் அது அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை உமிழ்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கீட்டியோடு உறங்கி மீளாத குடும்பங்களைப் பற்றி வடநாட்டுப் பத்திரிகைகளில் படிக்கிறோம். காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸ் கீசரை வைப்பதும் இதே ஆபத்துத்தான். ஆக்ஸிஜனைத் தின்னும் என்ற சொல்லுக்கு அஞ்சி நாங்கள் கைவிட்டது மின்கம்பியை. அஞ்சாமல் உள்ளே அழைத்துக் கதவைத் தாழிட்டது கரியை!

"இவற்றையெல்லாம் விஞ்ஞான மாணவர்கள் அறிந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். அந்தத் தஞ்சை நண்பர் இயற்பியல் மாணவர். கார்பன் மோனாக்சைடைப் பற்றிப் பள்ளிப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர். அந்தச் சொல் அவருடைய விடைத்தாளில் வாழ்ந்தது. அங்கீட்டி அவருடைய அறையில் இருந்தது. இரண்டையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தி வைக்க எவரும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நாங்கள் உயிரைப் பணயம் வைத்துக் கற்றோம்.

கலைச்சொல் தமிழில் இருக்க வேண்டுமா, ஆங்கிலத்திலேயே இருக்கலாமா என்று நம் சங்கக் கூட்டங்களில் அனல் பறக்க வாதிடுகிறோம். வாதிடுவோம், நானும் நல்ல தமிழ்ச் சொற்களின் பக்கமே. ஆனால் எந்தச் சொல்லானாலும் அதன் பொருளைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். தாய்மொழியில் விளங்கிய செய்தியே குளிரில் நடுங்கும்போதும் நினைவுக்கு வரும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு வரவேற்புக் கூட்டம் நடத்தி, மாலையும் சிற்றுண்டியும் அளிக்கிறோம். அவற்றோடு ஒரே ஒரு தாள் அச்சிட்டுக் கொடுப்போம். டன், நட்சத்திரம், இன்வெர்ட்டர், வாட், ஆம்பியர் என்று பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. தலைப்பில் மட்டும் பெரிய எழுத்தில், 'மூடிய அறையில் அங்கீட்டி வேண்டாம்' என்று இருக்கட்டும்.

அந்தக் காவலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மறுநாள் நன்றி சொல்லப் போனபோது, "சாச்சா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். தம் ஊரில் இப்படித்தான் ஒரு தம்பியை இழந்ததாகச் சொன்னார். அவர் அறிந்த விதத்தில் நம்மில் எவரும் இதை அறிய நேரக்கூடாது.