ஈஸ்னோபீலியா என்று எழுதும் முன்

சேத்தூர் பக்கத்திலிருந்து ராஜபாளையத்துக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம் என்ன தொந்தரவு என்று கேட்டால், பலர் நோயின் பெயரையே சொல்லிவிடுகிறார்கள்: "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு டாக்டர்." சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு என்பதுபோல. கையில் மடித்து வைத்த பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு. பையில் பாதி தின்ற ஹெட்ரஜான் அட்டை. அந்தப் பெயரை அவர்களுக்குக் கொடுத்தது நாம்தான். ஒரு வெள்ளணுவின் எண்ணிக்கையை நோயின் பெயராக எழுதிக் கொடுத்துவிட்டோம்.

1879இல் பால் எர்லிக் ஈயோசின் சாயத்தில் செக்கச்செவேலென்று தெரிந்த துகள்களைப் பார்த்து இந்த அணுவுக்கு ஈஸினோபில் என்று பெயர் வைத்தார். மஜ்ஜையில் இன்டர்லூக்கின்-5 தூண்டிப் பிறக்கிறது; ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. ரத்தத்தில் ஒன்று இருந்தால் திசுக்களில் நூறுக்குக் குறையாது. அதன் சொந்த வீடு குடல் சுவர். நாம் எண்ணுவது சாலையில் போகிறவர்களை மட்டும்தான். துகள்களில் உள்ள மேஜர் பேசிக் புரதம் புழுவின் மேல்தோலை அரிப்பதுபோலவே நம் மூச்சுக்குழல் உட்சவ்வையும் அரிக்கும். 'புழுவைக் கொல்லும் அணு' என்று கல்லூரியில் படித்ததும் முழு உண்மையில்லை. ட்ரிக்கினெல்லா தொற்றிய எலிகளில், ஈஸினோபில் இல்லாதபோதுதான் தசைக்குள் இருந்த இளம்புழுக்கள் கூட்டமாக மடிந்தன.

இந்த அணு ஒரு நோயையே அடையாளம் காட்டிய கதை நம் மண்ணில் நடந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை. அங்கே காசம் என்று வந்தவர்களில் சிலருக்குச் சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி. ரத்தத்தில் ஈஸினோபில் குவிந்து கிடந்தது. காசம் போலத் தோன்றினாலும் இது காசம் அல்ல என்று 1940இல் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் எழுதினார்கள். 1943இல் வைன்கார்ட்டன் இதற்கு ட்ராபிக்கல் ஈஸினோபீலியா என்று பெயர் வைத்தார். ஆர்செனிக் ஊசி போட்டால் அடங்கியது; காரணம் விளங்கவில்லை. பிறகு யானைக்கால் நோய்க்கென்று டைஎத்தில்கார்பமசின், அதாவது நம் ஹெட்ரஜான், வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் லெடர்லி மருந்து நிறுவனத்தில் நடத்திய ஆய்வுக்கூடத்தின் மருந்து அது. இந்த நோயும் அதற்கு அடங்கியதும் சந்தேகம் யானைக்கால் புழுவின் குஞ்சான மைக்ரோஃபைலேரியாவின் மேல் திரும்பியது. ஆனால் நடுராத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் அது கண்ணில் படவில்லை.

1960இல் வேலூர் சி.எம்.சி.யின் வெப், ஜாப், கால்ட் மூவரும் அதை நோயாளிகளின் நுரையீரலிலும் ஈரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் கண்டு காட்டினார்கள். உடலின் எதிர்ப்பு மிதமிஞ்சிப் போய், புழுக்குஞ்சு ரத்தத்தில் உலவும் முன்பே திசுக்களில் மடக்கப்படுகிறது. அந்தப் போரின் சேதம்தான் இருமல். 1980களில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் விஜயனும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து மூச்சறைகளைக் கழுவி எடுத்துப் பார்த்தபோது, வந்த அணுக்களில் ஏறக்குறையப் பாதி ஈஸினோபில். மருந்து தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் மளமளவென்று இறங்கின. ஆனால் மூன்று வாரச் சிகிச்சை முடித்த சிலருக்கு மாதக்கணக்கில் அழற்சி தங்கிவிடுகிறது என்பதையும் 1990இல் அவர்களே எழுதினார்கள். இந்த இரண்டாவது செய்தியை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

இந்த நோய்க்கு முகம் உண்டு. ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வறட்டு இருமல், ஏறிப்போன ஐஜிஇ, ஃபைலேரியா எதிரணு, யானைக்கால் பரவிய ஊரில் வாழ்ந்த வாழ்வு, மைக்ரோலிட்டருக்கு 3000க்கு மேல் ஈஸினோபில். நான் பார்க்கும் சீட்டுகளில் இருப்பதோ 600, 800. அதற்கு ஹெட்ரஜான் எழுதுவது மருத்துவம் ஆகாது.

அந்த 600 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஊரே பதில் சொல்லும். நடவு வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். நாய்க்குட்டியோடு மண்ணில் புரளும் பிள்ளைக்கு டாக்ஸோகாரா. பெரும்பாலோருக்கு வெறும் ஒவ்வாமை, அல்லது இன்ஹேலர் கிடைக்காமல் வருஷக்கணக்கில் திண்டாடும் ஆஸ்துமா. ராஜபாளையம் நூற்பு மில்லில் வேலை பார்ப்பவரின் திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம் பஞ்சுத்தூசியால் வருவது. அதை ஈஸினோபில் கணக்கில் தேடினால் கிடைக்காது. எந்த வேலை, எத்தனை வருஷம் என்று கேட்டால் கிடைக்கும்.

ஆபத்து ஸ்டீராய்டில் இருக்கிறது. வீசிங் என்று வந்தவருக்கு ஊசி போட்டதும் ஈஸினோபில் சடசடவென்று விழும். குணம் என்று தோன்றும். குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் இருந்தால் அதே ஊசி புழுவை உடல் முழுக்கப் பெருகவிட்டு உயிருக்கே உலை வைக்கும். அந்த நேரத்தில் சீட்டில் ஈஸினோபில் பூஜ்யமாகக்கூட இருக்கும். அதற்கு வேண்டியது ஐவர்மெக்டின், ஹெட்ரஜான் உதவாது. அதனால் ஸ்டீராய்டுக்கு முன்பே ரத்தமும் மலமும் பார்த்துவிடுங்கள்.

ஆய்வகம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறிய ஊர்களில் ஓடும் மூன்று பிரிவு எந்திரம் ஈஸினோபிலைத் தனியே காட்டாது. சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். ஸ்லைடு போட்டு, கண்ணால் எண்ணி, மொத்த எண்ணிக்கையை எழுதுங்கள். டைஃபாய்டு என்று சந்தேகப்படும் காய்ச்சலில் ஸ்லைடில் ஒரு ஈஸினோபில்கூட இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், அதுவும் தடயம்.

வீட்டுக்கு வீடு மாத்திரை கொடுத்து யானைக்காலை ஒழிக்கப் பாடுபடுகிறோம். இந்தக் காலத்தில் ஒரு அசலான ட்ராபிக்கல் ஈஸினோபீலியா தென்பட்டால், அந்த ஊரிலோ நோயாளி முன்பு பிழைக்கப்போன ஊரிலோ கொசுவும் புழுவும் இன்னும் கைகோத்து நிற்கின்றன என்று பொருள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சேத்தூர் வரை பணியாற்றும் நண்பர்கள், 3000ஐத் தாண்டிய நோயாளியைக் கண்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அவர் எந்தெந்த ஊரில் எத்தனை வருஷம் இருந்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.