மாமாவின் ஆரஞ்சு திரை

அத்தை வீட்டை விற்றுவிட்டு அபார்ட்மென்ட்டுக்கு மாறுகிறார். பேஸ்மென்ட்டைக் காலி பண்ணப் போன இடத்தில் என் தலையில் விழுந்தது ஒரு தோஷிபா டி3100. 1986-ல் வந்த மாடல். லேப்டாப் என்று பெயர், எடை ஏறக்குறைய ஏழு கிலோ. பேட்டரியே கிடையாது, சுவரில் செருகினால்தான் வேலை செய்யும். காரணம் அதன் திரை.

"மாமா இதுலதான் கணக்கு எல்லாம் எழுதி வச்சிருந்தார்ப்பா. எடுக்க முடியுமான்னு பாரு. முடியலன்னா ரீசைக்கிளுக்குப் போட்டுடலாம்" என்றார் அத்தை. மாமா போய் மூன்று வருஷம் ஆகிறது.

எடுப்பது சுலபமில்லை. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க், மொத்தமே 10 எம்பி. அதன் கனெக்டரைச் செருக இன்றைக்கு நம் வீட்டில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இடமில்லை. அதே மெஷின் உயிரோடு எழுந்து, அதே திரை எரிந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

உடனே பிளக்கைச் செருகவில்லை. இத்தனை வருஷத்தில் பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கும். சில சமயம் புகையோடு வெடிக்கும். திரைக்கு வேறு 200 வோல்ட் அளவில் மின்சாரம் தேவை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே சார்ஜ் இருக்கும். உங்க வீட்டு பேஸ்மென்ட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து குழந்தைகளோடு உட்கார்ந்து திறக்காதீங்க. நானே எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்து, பழுதானதை மாற்றிய பிறகுதான் ஸ்விட்சைத் தொட்டேன்.

ஃபேன் சத்தம். கறுப்புத் திரை. சில விநாடி கழித்து ஆரஞ்சு எழுத்துகள்.

"டோஸ்ட்டர் உள்ள பார்க்குற மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள். சரியாகத்தான் சொன்னாள், திரைக்குப் பக்கத்தில் கை வைத்தால் சூடும் தெரிந்தது.

இதற்குப் பெயர் கேஸ் பிளாஸ்மா திரை. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் மெல்லிய இடைவெளி, அதில் நியான் வாயு. ஒரு தகட்டில் நெடுக்காக 640 மெல்லிய மின்கம்பிகள், இன்னொன்றில் குறுக்காக 400. இரண்டு கம்பிகள் சந்திக்கும் இடத்தில் போதிய வோல்ட் கொடுத்தால் அங்கே உள்ள வாயு மட்டும் ஒளிரும். இப்படி 2,56,000 சந்திப்புகள். கடை வாசலில் தொங்கும் நியான் போர்டுக்குள் நடப்பதும் இதேதான், இங்கே அதைப் புள்ளி புள்ளியாகச் செய்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. நியான் எரிந்தால் அந்த நிறம்தான் வரும்.

மகள் விரலால் திரையை ஒரு தட்டு தட்டினாள். "ஏன் டச் வேலை செய்யல?"

சிரிப்பு வந்தது, ஆனா கேள்வி அவ்வளவு தப்பில்லை. பிளாஸ்மா திரை பிறந்ததே மாணவர்களுக்காகத்தான். 1964-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ, அவர்களுடைய மாணவர் ராபர்ட் வில்சன் மூன்று பேரும் சேர்ந்து, பிளேட்டோ என்ற கம்ப்யூட்டர் வழிக் கல்வித் திட்டத்துக்காக இதை உருவாக்கினார்கள். டிவி மாதிரியான திரையில் படத்தை விநாடிக்குப் பல தடவை திரும்பத் திரும்ப வரையணும், அதை ஞாபகம் வைத்துக்கொள்ள மெமரி வேணும். அப்போது மெமரி யானை விலை. அவர்கள் செய்த திரையில் ஒரு புள்ளியை ஒரு தடவை பற்ற வைத்தால், அணைக்கச் சொல்லும் வரை அது தானாக எரிந்துகொண்டே இருக்கும். திரையே மெமரி. 1972 வாக்கில் வந்த பிளேட்டோ டெர்மினலில் விரலால் தொட்டுப் பதில் சொல்லும் வசதியும் இருந்தது. ஐபேட் வர இன்னும் 38 வருஷம் இருந்தது.

அப்புறம் அது ஏன் லேப்டாப்புக்குள் வந்தது? 1986-ல் எல்சிடி திரை சாம்பல் மேல் சாம்பல். கொஞ்சம் தலையைச் சாய்த்தால் எழுத்து மறையும். பிளாஸ்மாவோ எந்தக் கோணத்திலும் பளிச். 1987-ல் காம்பேக் போர்ட்டபிள் 3, 1989-ல் ஐபிஎம் பிஎஸ்/2 பி70 எல்லாம் இந்த ஆரஞ்சு ரகம்தான். மின்சாரத்தை அது குடித்த குடிக்கு பேட்டரி தாங்காது. எல்சிடி தேறியதும், கலர் வந்ததும், இதன் கதை லேப்டாப்பில் முடிந்தது. என்னைக் கேட்டால், வெறும் எழுத்து படிக்க இது இன்னமும் அருமையான திரை.

கணக்குக்கு வருகிறேன். பேசிக்கில் இரண்டு வரி எழுதி திரை முழுக்க எரிய விட்டேன், எத்தனை புள்ளி செத்திருக்கிறது என்று பார்க்க. செத்தது குறைவு. ஆனா மேலே குறுக்காக ஒரு பட்டை, இடப்பக்கம் நெடுக ஒரு பட்டை, மற்ற இடத்தைவிட மங்கலாகத் தெரிந்தது. ஒரே புள்ளிகள் வருஷக்கணக்கில் எரிந்தால் அவை தேய்ந்து இப்படி மங்கும். அந்த வடிவத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. லோட்டஸ் 1-2-3. மேலே ஏ, பி, சி, இடப்பக்கம் 1, 2, 3 என்று ஒளிரும் அதே சட்டம்.

அந்த ஃபைல்களைத் தேடி, திறந்துகூடப் பார்க்காமல் முதலில் ஃப்ளாப்பியில் காப்பி பண்ணினேன். டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. லிப்ரெஆஃபிஸ் அந்த ஃபைல்களை இன்றைக்கும் திறக்கிறது.

ஊருக்கு அனுப்பிய பணம், மாதவாரியாக. ஊருக்குப் பேசிய போன் நிமிஷங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரிசை. அதில் ஒன்று என் அப்பா பெயர். 1988-லிருந்து பதினான்கு மாதம் பணம் போயிருக்கிறது. பக்கத்தில் "திரும்ப வந்தது" என்று ஒரு வரிசை. காலி.

அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வரிசையைப் பிரிண்டில் மறைத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "உங்கப்பாகிட்ட இதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காதே. உன் மாமாவே கேட்டதில்ல" என்றார். பிறகு, "அந்தத் திரையை ஒரு தடவை போடேன், ராத்திரியில மாமா முகத்துல அந்த வெளிச்சம் விழும்" என்றார்.

போட்டேன். இந்தத் தடவை டிஸ்க் சுழலவில்லை. டிஸ்க் இல்லை என்று ஒரு வரி மட்டும் ஆரஞ்சில் எரிந்தது. அத்தை ரொம்ப நேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.